பெரியம்மா மூடாத புகார்

நர்சுகளின் வெள்ளைக் கோட்டில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில், "கவனம், கடிக்கும்" என்று தைத்தது பெரியம்மா இல்லை, கடையில் இருந்த கணினிதான். இதைப் பெரியம்மா யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தாள். பெரியப்பாவின் தலை பக்கத்திலேயே இருந்ததால் பெரும்பாலும் அதுதான் அகப்பட்டது.

பெரியம்மாவின் கடை இரண்டே அறை. முன்னறையில் கண்ணாடி மேஜையும் நூல்கண்டு அலமாரியும். பின்னறை முழுவதையும் ஆறு தலை எம்பிராய்டரி மெஷின் அடைத்துக்கொண்டிருந்தது. ஒரே நேரத்தில் ஆறு துணியில் ஒரே எழுத்தைத் தைக்கும். அதற்கு இன்னது தை என்று சொல்வது மூலையில் இருந்த ஒரு கிழட்டுக் கணினி. காலையில் நாய்ப் பயிற்சியாளருக்காக ஆறு நாய்ச் சட்டையில் "கவனம், கடிக்கும்" தைத்தார்கள். மதியம் ஆறு கோட்டை மாட்டி, நர்சுகளின் மருத்துவமனைப் பெயரை அனுப்பினார்கள். மெஷின் காலையில் தைத்ததையே மறுபடியும் சுறுசுறுப்பாகத் தைத்து முடித்தது. நான்கு கோட்டைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள் பெரியம்மா. ஊசி போடும் பிரிவில் மட்டும் இரண்டை அப்படியே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டார்கள். நோயாளிகள் அன்றிலிருந்து அசையாமல் உட்காருகிறார்களாம்.

அந்தக் கணினியில் ஓடுவது சிட்டு என்கிற இயங்குதளம். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழியில் எழுதப்பட்டது, யாருக்கும் சொந்தமில்லை, எவரும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம். உலகம் முழுக்க நூற்றுச் சொச்சம் பேர் சும்மா கிடைக்கிற நேரத்தில் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் ஒருத்திதான் பெரியம்மாவின் தங்கை மகள். வீட்டில் அவளைச் சுண்டு என்று கூப்பிடுவார்கள். வாஷிங் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மேஜை போட்டு, துணி சுழலும் சத்தத்தோடு சிட்டுவைத் திருத்துவது அவளுடைய வேலை. நேரில் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே கூசுவாள். எழுத்தில் என்றால் புலி.

அங்கேதான் வினை.

ஏதாவது கெட்டுப்போனால் சிட்டுவின் புகார்ப் பலகையில் எழுத வேண்டும். பெரியம்மா இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு புகார் எழுதியிருந்தாள். எல்லாமே கடிதம்தான். "அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு, இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலம் அறிய ஆவல். இப்பவும் எழுதுவது என்னவென்றால், கால்குலேட்டர் உறைந்துவிட்டது" என்று தொடங்குவாள். எத்தனை கால்குலேட்டர் திறந்திருந்தீர்கள் என்று கேட்டால் முந்நூற்று நாற்பது என்பாள். ஒரு சட்டையின் கை அளவு இன்னொரு சட்டையின் கை அளவோடு கலந்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாக ஒன்று திறப்பது அவள் வழக்கம். திருத்துகிறவர்கள் அவளைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். இவள் கையில் உடையாதது எவர் கையிலும் உடையாது என்று பேர் வாங்கியிருந்தாள். நாளடைவில் மற்றவர்களும் புகார் எழுதும்போது முதலில் நலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நர்ஸ் கோட்டு விவகாரம் புகார் எண் 4117. "கணினி தூங்கி எழுந்த பிறகு பழையதையே தைக்கிறது" என்று நலம் விசாரிப்பு உள்பட ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள் பெரியம்மா.

அன்றைக்குச் சுண்டு நிலுவையில் கிடந்த அறுபது புகார்களை ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்து, யார் எழுதியது என்றுகூடப் பார்க்காமல், அறுபதுக்கும் ஒரே பதிலைக் குத்திவிட்டாள்: "என் கணினியில் சரியாகவே நடக்கிறது. இது பயனர் செய்த பிழை."

அன்றிலிருந்து பெரியம்மா அவளோடு பேசுவதில்லை.

செய்தது தெரிந்ததும் சுண்டு பதறிப்போய்க் கோளாறைத் தேடிப் பிடித்துத் திருத்தினாள். கணினி தூங்கப் போகும்போது, தைத்து முடித்த வேலைகளை வரிசையிலிருந்து அழித்துவிட்டுத் தூங்க வேண்டும். ஒரே ஒரு வரி. பலகையில், "திருத்திவிட்டேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்று எழுதினாள். அடுத்த நாள் பெரியம்மாவின் பதில் வந்தது. நலம் விசாரிப்பு இல்லை. ஒரே சொல்: "சரியாகவில்லை."

மற்ற சமயமாக இருந்தால் பரவாயில்லை. ஆனால் இந்த முறை சிட்டுவின் புதுப் பதிப்பை வெளியிடும் பொறுப்பு சுண்டுவுடையது. பதிப்பு ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. இரண்டு முறையும் பழைய கணினிகளில் ஏற்பட்ட கோளாறினால்தான். "சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் வரலைன்னா, பழைய கணினிகளுக்கான பகுதியை வெட்டி எறிஞ்சிடுவோம்" என்று தாடி தீர்மானம் கொண்டுவந்தார், அது நிறைவேறியும் விட்டது. தாடி என்பவர் திட்டத்தின் மூத்த நிரலாளர். பலகையில் இருந்த அவருடைய படத்தில் தாடியைத் தவிர வேறெதுவும் சரியாகத் தெரியாது. வெட்டினால் பெரியம்மாவின் கணினி போகும், சுண்டுவின் கணினி போகும், இன்னும் எத்தனையோ பள்ளிக்கூடத்திலும் பட்டறையிலும் இருப்பவை பழைய இரும்புக்குப் போகும்.

திறந்திருக்கும் தடைப் புகார் ஒன்றாவது இருந்தால் பதிப்பை வெளியிட முடியாது. புகாரை மூடும் உரிமை எழுதியவருக்கு மட்டும்தான் உண்டு. இந்த விதியைக் கொண்டுவந்தது யார் என்று கேட்கிறீர்களா? மூன்று வருடத்துக்கு முன்னால், சாட்சாத் சுண்டுவேதான்.

வியாழக்கிழமை காலை நிலவரம் இது: உலகம் முழுக்க நாலாயிரத்துச் சொச்சம் புகார்களில் ஒன்றே ஒன்று பாக்கி. அதன் சாவி பெரியம்மாவின் இடுப்பில்.

சுண்டு கடைக்குப் போனாள். பெரியம்மா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. நடுவில் ஒரு முக்காலியில் பெரியப்பா, மடியில் நூல்கண்டுக் கூடையோடு.

"பெரியம்மா..." என்றாள் சுண்டு.

"என்னங்க, கடைக்கு யாரோ வந்திருக்காங்க பாருங்க" என்றாள் பெரியம்மா.

"சுண்டும்மா வந்திருக்கா" என்றார் பெரியப்பா.

"எந்தச் சுண்டு? நமக்கு எந்தச் சுண்டுவையும் தெரியாது. நாம பயனர். பிழை பண்றவங்க."

"பெரியம்மா, அது தெரியாம நடந்தது. அறுபதையும் ஒண்ணா..."

"அறுபதோட அறுபத்தொண்ணா என்னையும் சேர்த்துட்டாளாம், கேட்டுக்கோங்க. இவளுக்கு நடை பழக்கினது யாருன்னு கேளுங்க."

பெரியப்பா சுண்டுவின் பக்கம் திரும்பி, "உனக்கு நடை பழக்கினது யாருன்னு கேக்கறா" என்றார். மூன்றடி தூரம்தான். ஆனாலும் செய்தியை முறைப்படி கொண்டுசேர்ப்பதில் அவர் குறை வைப்பதில்லை.

"பெரியம்மாதான்."

"பெரியம்மாதானாம்" என்றார் பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பி.

"அந்தக் காலை உடைச்சிருக்கணும்."

"அந்தக் காலை..." என்று ஆரம்பித்த பெரியப்பா, "இதை நீயே கேட்டிருப்ப" என்று நிறுத்திக்கொண்டார்.

சுண்டு கேட்டாள், "கோளாறு நிஜமாவே சரியாகலையா? இல்ல என் மேல இருக்கிற கோவமா?"

பெரியம்மா எண்ணெய்க் குப்பியை டொக்கென்று வைத்தாள். சுண்டு தானே கணினி முன்னால் உட்கார்ந்தாள். ஆறு கந்தல் துணியை மாட்டி, மவுஸைத் தேடாமல் விசைப்பலகையிலேயே கட்டளை கொடுத்துத் தைக்க விட்டாள். முடிந்ததும் கணினியைத் தூங்கவைத்தாள், எழுப்பினாள், வேறு எழுத்து கொடுத்தாள். சரியாக வந்தது. இப்படிப் பத்து முறை. பத்து முறையும் குழந்தை மாதிரிச் சொன்ன பேச்சு கேட்டது.

"பாருங்க பெரியப்பா, நல்லாத்தானே இருக்கு?"

"அவ தொட்டா நல்லாத்தான் இருக்கும்" என்றாள் பெரியம்மா சுவரைப் பார்த்து. "நாங்க தொட்டாத்தான் பிழை."

கோபம்தான், வேறொன்றுமில்லை என்று சுண்டு முடிவு கட்டினாள். அவள் தன் வாழ்க்கையில் செய்த தவறுகளில் இது இரண்டாவது பெரிய தவறு.

வெள்ளிக்கிழமை காலை தாடி கூப்பிட்டார். குரலில் இரக்கம் வழிந்தது. "சுண்டு, விதியை ஒரு நாளைக்கு மட்டும் தளர்த்திக்கலாமா? நீயே அந்தப் புகாரை மூடிடு. நான் கண்டுக்க மாட்டேன்."

"அது என் விதி."

"அதனாலதான் கேக்கறேன். சொந்த விதியில தடுக்கி விழுறது பார்க்கக் கஷ்டமா இருக்கு."

"விழுந்தா விழுந்துட்டுப் போறேன்" என்று வைத்துவிட்டாள். அம்மா சமையலறையிலிருந்து, "போய் எங்கக்கா கால்ல விழு, வேலை முடிஞ்சது" என்று குரல் கொடுத்தாள்.

காலில் விழவும் ஒரு தைரியம் வேண்டும். சுண்டுவிடம் அது இல்லை. ஆகவே எழுதினாள். எந்தப் பலகையில் எல்லோருக்கும் முன்னால் பெரியம்மாவைப் பிழை என்றாளோ, அதே பலகையில்:

"அன்புள்ள பெரியம்மாவுக்கு, இங்கு நான் நலமாக இல்லை. அங்கு நீங்கள் என்னோடு பேசும் நலம் அறிய ஆவல். இப்பவும் எழுதுவது என்னவென்றால், பிழை செய்தது பயனர் இல்லை, நான்தான். படிக்காமல் பதில் எழுதினேன். அறுபது பேரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்களிடம் மட்டும் அறுபது முறை கேட்கிறேன்."

ஒரு மணி நேரத்துக்குள் அதற்குக் கீழே முப்பத்தெட்டு மன்னிப்புகள் குவிந்தன. எங்கெங்கோ இருக்கிற நிரலாளர்கள், தாங்களும் எப்போதோ யாரையோ பயனர் பிழை என்று சொன்னதாகவும் அதற்காக வருந்துவதாகவும் எழுதினார்கள். ஒருவர் ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு புகாரைத் தூசி தட்டி எடுத்து மன்னிப்புக் கேட்டார். அது இவ்வளவு நாளாகத் தன் மனதை அரித்துக்கொண்டிருந்ததாம்.

மாலை நாலு மணிக்குப் பெரியப்பா போனில் வந்தார். "உங்க பெரியம்மா படிச்சா. மூக்கைச் சிந்திட்டு ஒரு தடவை படிச்சா, அப்புறம் கண்ணாடியைத் துடைச்சிட்டு ஒரு தடவை படிச்சா. மன்னிச்சாச்சாம்."

"அப்பாடா! புகாரை மூடிட்டாங்களா?"

ரிசீவரைக் கையால் பொத்துகிற சத்தம். முணுமுணுப்பு. மறுபடியும் பெரியப்பா: "இல்லையாம். இன்னும் சரியாகலையாம்."

"பெரியப்பா, மன்னிச்சாச்சுன்னு சொன்னீங்களே!"

இந்த முறை போன் கை மாறியது. பதினோரு நாளுக்குப் பிறகு முதல்முறையாகப் பெரியம்மாவின் குரல் நேராகக் காதில் விழுந்தது. "ஏண்டி, கோவம் வேற, புகார் வேற. கோவம் போயிடுச்சு. மெஷின் இன்னிக்கு மத்தியானம்கூட நீச்சல் குளத்துக்காரங்க துண்டுல தச்சதையே கராத்தே பசங்க சட்டையில தச்சுது. கறுப்பு பெல்ட்டுக்காரன் முதுகுல 'ஆழம் குறைவு'ன்னு இருக்கு. நான் பொய்யா மூடுவேனா?"

சுண்டுவுக்கு அப்போதுதான் உறைத்தது. பெரியம்மா ஒரு நாள்கூடப் பிடிவாதத்துக்காக அந்தப் புகாரைத் திறந்து வைத்திருக்கவில்லை. சொன்னதெல்லாம் உண்மை. இரண்டு முறை சொல்லியும் தான்தான் காதில் வாங்கவில்லை. இருப்பதோ இருபது மணி நேரம்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்போதே சுண்டு வாசலில் நின்றாள்.

"பெரியம்மா, நான் எதையும் தொட மாட்டேன். நீங்க எப்பவும் போல வேலை பாருங்க. நான் சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன்."

"சும்மா உட்கார்றதுக்கு எதுக்கு வந்த? அந்தக் கத்திரிக்கோலை எடு."

பக்கத்து முடிதிருத்தும் கடைக்குப் பன்னிரண்டு துண்டு தைக்க வேண்டியிருந்தது. பெரியம்மா ஆறு துண்டை மாட்டினாள். எழுத்தைக் கணினியில் முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். தட்டினாள். ஆறு ஊசியும் தடதடவென்று ஓடி நின்றன. ஊசி நின்ற அதே நொடியில் பெரியம்மா கையை நீட்டி, கணினியிலிருந்து மெஷினின் கேபிளைச் சடக்கென்று பிடுங்கினாள்.

சுண்டு துள்ளி எழுந்தாள். "என்ன பண்றீங்க?"

"கேபிளை எடுக்கறேன்."

"ஏன் எடுக்கறீங்க?"

"மவுஸ் மாட்ட வேண்டாமா?" என்ற பெரியம்மா, கேபிள் இருந்த ஓட்டையில் மவுஸை மாட்டினாள். "இருக்கிறது ரெண்டு ஓட்டை. அதுல ஒண்ணு வேலை செய்யாது. மெஷின் ஓடும்போது கேபிள், எழுத்துத் தேடும்போது மவுஸ். மாத்தி மாத்தித்தான்."

"இன்னொரு ஓட்டைக்கு என்ன ஆச்சு? அதுக்கு ஏன் புகார் எழுதல?"

"அதுல பசை ஊத்தினது உங்க பெரியப்பா. அதுக்கு அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க?"

பெரியப்பா கூடைக்குள் ஏதோ முக்கியமான நூல்கண்டைத் தேடினார்.

சுண்டு மெஷினைப் பார்த்தாள். ஊசி நின்றுவிட்டாலும் அதன் வேலை முடிந்திருக்கவில்லை. ஆறு தலையிலும் குட்டிக் கத்தி நூலை வெட்டியது, தலைகள் மூலைக்கு நகர்ந்தன, ஒரு பச்சை விளக்கு எரிந்தது. விரல் விட்டு எண்ணினாள். எட்டு வினாடி. அதற்குப் பிறகுதான் மெஷின் கணினிக்கு "முடித்துவிட்டேன்" என்று சொல்லும். பெரியம்மா அவசரத்தில் கேபிளைப் பிடுங்கிவிட்டால், அந்தச் செய்தி காற்றோடு போச்சு. பாவம் கணினி, வேலை பாதியில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, மறுபடியும் கேபிள் மாட்டியதும் விட்ட வேலையை விசுவாசமாக எடுத்துக் கொடுக்கிறது. தூக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கணினியையும் தூங்கவைத்துவிட்டுத்தான் பெரியம்மா சாப்பிடப் போவாள், அவ்வளவுதான்.

உலகம் முழுக்க நூற்றுச் சொச்சம் பேர் சோதித்துப் பார்த்தார்கள். எல்லோரும் ஒழுக்கமான பிள்ளைகள், பச்சை விளக்கு எரியும்வரை கை கட்டி நின்றார்கள். ஒருவருக்குக்கூடக் கேபிளைப் பிடுங்கத் தோன்றவில்லை.

சுண்டு விளக்கியதும், "இனிமே எட்டு வினாடி காத்திருக்கட்டுமா?" என்று கேட்டாள் பெரியம்மா.

சரி என்று சொன்னால் அத்தோடு முடிந்துவிடும். சுண்டுவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அது பயனர் பிழை என்று மறுபடியும் சொல்வதற்குச் சமம் அல்லவா? "வேண்டாம் பெரியம்மா. நீங்க பிடுங்குங்க. காத்திருக்க வேண்டியது நீங்க இல்ல" என்றாள்.

பாதியில் நின்ற வேலையை அழித்துவிடவும் முடியாது. நிஜமாகவே பாதியில் மின்சாரம் போனவர்களின் துணி பாழாகும். கேபிள் திரும்ப மாட்டப்படும்போது கணினி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தைக்க வேண்டும், அவ்வளவுதான். பத்தே முக்காலுக்குள் சுண்டு எழுதி முடித்தாள். அனுப்பிய மறு நிமிடமே மொழிபெயர்ப்புத் தலைவி கூப்பிட்டாள். சிட்டு பேசும் நாற்பத்தொரு மொழிக்கும் பொறுப்பாளி அவள்.

"திரையில புதுசா ஒரு வாக்கியம் வருதே?"

"'விட்ட வேலையை மறுபடி தைக்கட்டுமா'ன்னு ஒரே ஒரு கேள்விதான் அக்கா."

"கடைசி வாரத்துல புது வாக்கியம் கிடையாது. நாற்பத்தொரு மொழிக்காரங்களையும் இப்ப நான் எங்க போய்ப் பிடிக்கிறது? ஒருத்தர் மீன் பிடிக்கப் போயிருக்கார், ஒருத்தங்களுக்குப் பிரசவம். ஏற்கெனவே மொழிபெயர்த்து உள்ள இருக்கிறதுல ஒண்ணை எடுத்துக்கோ. இன்னொண்ணு, கேள்வியும் அதோட பதில் பட்டன்களும் ஒரே கட்டு. பிரிக்கக் கூடாது. ஒரு கேள்விக்கு இன்னொரு கேள்வியோட பதிலை ஒட்டினா பாதி மொழியில உளறலாயிடும்."

ஆயிரத்து எண்ணூறு வாக்கியம். சுண்டு திரையில் உருட்ட உருட்ட, பெரியம்மா தோள் வழியாகக் குனிந்து உரக்கப் படித்தாள்.

"'இதை நிரந்தரமாக அழிக்கட்டுமா?' ஐயோ வேண்டாம். 'நீங்கள் இன்னும் அங்கே இருக்கிறீர்களா?' இல்லாம எங்க போவேன்? 'காகிதம் தீர்ந்துவிட்டது.' ஆமா, நான் காகிதத்துலதான் தைக்கிறேன். 'உங்கள் கடவுச்சொல் மிகவும் பலவீனமானது.' யார்டி இதையெல்லாம் எழுதுறது? ஒரு மரியாதை வேண்டாம்?"

பதினொன்று இருபதுக்கு அகப்பட்டது. சிட்டுவோடு வரும் சதுரங்க விளையாட்டின் அடியாழத்தில் கிடந்தது. "ஆட்டம் பாதியில் நின்றுவிட்டது. விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?"

"இதுதான்!" என்று கத்தினாள் சுண்டு. சத்தம் கேட்டு முடிதிருத்தும் கடைக்காரர் பாதித் தலையோடு ஒரு வாடிக்கையாளரை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

எந்தத் திருத்தத்தையும் இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். அந்த நேரத்தில் பலகையில் இருந்த ஒரே மூத்தவர் தாடி. படிக்காமல் நாற்பது நிமிடம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாலே போதும், அவருடைய தீர்மானம் ஜெயித்துவிடும். ஆறு நிமிடத்தில் பதில் வந்தது: "பழைய கணினி வேண்டாம் என்கிற ஆள்தான் நான். அதற்காகச் சரியான திருத்தத்தைத் தப்பு என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஒப்புதல். ஆனாலும், எம்பிராய்டரிக்குச் சதுரங்கமா? கடவுளே."

பதினொன்றே முக்காலுக்குப் பெரியம்மாவின் கணினியில் புதுத் திருத்தம் ஏறியது. மிச்சம் ஆறு துண்டையும் மாட்டினாள். தைத்தாள். ஊசி நின்றதும் ஆசை தீரப் பிடுங்கினாள். மவுஸை மாட்டி எடுத்தாள், கேபிளைத் திரும்ப மாட்டினாள். மெஷின் அசையவில்லை. திரையில் கேள்வி வந்தது, கீழே இரண்டு பட்டன். பெரியம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தாள்.

"'தொடரலாம்.' இது எனக்கு வேண்டாம். இன்னொண்ணு என்ன... 'தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.'"

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏண்டி, மெஷின் பழையதைத் தைக்க வேண்டாம்னா, நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கணுமா?"

"அது சும்மா பட்டன்தான் பெரியம்மா. சதுரங்கத்துல இருந்து..."

"ஒரு நாளைக்கு இருபது தடவை கேபிளைப் பிடுங்கறேன். இருபது தடவை தோக்கணுமா? என் கடையில, என் மெஷின்கிட்ட? முடியாது."

"பெரியம்மா, மணி பதினொண்ணு நாற்பத்தொன்பது."

"மணி என்னவா இருந்தா என்ன? உங்க தாத்தாகிட்டயே நான் தோத்தேன்னு சொன்னதில்ல."

"நான் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டேனே பெரியம்மா, நேத்து. முப்பத்தெட்டு பேர் ஒத்துக்கிட்டாங்க."

"நீங்க தப்புப் பண்ணீங்க, ஒத்துக்கிட்டீங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

நியாயமான கேள்வி. வேறு வாக்கியம் தேடவோ நேரம் இல்லை. பலகையில் உலகமே விழித்துக் காத்திருந்தது. "என்ன ஆச்சு?", "என்ன ஆச்சு?" என்று வரிசையாக வந்து விழுந்தன. சுண்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் மேஜை, வாஷிங் மெஷின், அதன் பக்கத்தில் இனி எழுப்ப முடியாத கணினி என்று எல்லாம் ஒரு நொடி வந்து போயின.

அப்போது பெரியப்பா மடியிலிருந்த கூடையை இறக்கி வைத்தார். முக்காலியை இழுத்துக்கொண்டு கணினிப் பக்கம் வந்தார்.

"அந்தப் பட்டனை நான் அழுத்துறேனே" என்றார்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"முப்பத்தொரு வருஷமா வீட்டுல அதைத்தான் பண்றேன். இங்க என்ன, கீபோர்டுல விரலால ஒரு தட்டு. வாயால சொல்றதைவிட இது லேசு."

பெரியம்மா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஓட்டையில் பசை ஊற்றிய மனிதர். பதினோரு நாளாக அவளுக்குத் தூது போன மனிதர்.

"இருபது தடவையும் அழுத்துவீங்களா?"

"இருபத்தஞ்சு வந்தாலும் அழுத்துறேன்."

"ஞாயித்துக்கிழமை?"

"கடை திறந்தா அழுத்துறேன்."

பெரியம்மா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. சுண்டு ஓரத்தில் இருந்த "மூடு" பட்டனைக் காட்டினாள். பெரியம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். "இரு. கடுதாசி எழுதாம மூடுறது என்ன பழக்கம்?"

ஒற்றை விரலால் எழுதினாள். "அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு, இங்கு அனைவரும் நலம்." ஐம்பத்து நாலு. "பிரசவத்துக்குப் போன பெண் நலமா? மீன் பிடிக்கப் போனவருக்கு ஏதாவது கிடைத்ததா?" ஐம்பத்தாறு. சுண்டு நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்திருந்தாள். "இப்பவும் எழுதுவது என்னவென்றால், மெஷின் இப்போது கேட்டுவிட்டுத்தான் தைக்கிறது. பட்டன் அழுத்த வீட்டில் ஆள் இருக்கிறார். தாடி வைத்த தம்பி வேளாவேளைக்குச் சாப்பிடவும்." ஐம்பத்தெட்டு. எழுதியதை ஒரு முறை படித்தாள். பிறகு புகார் எண் 4117ஐ மூடினாள்.

சுண்டு பாய்ந்து வெளியீட்டுப் பட்டனை அழுத்தினாள். பலகையில், பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு, புதுப் பதிப்பு பறந்தது. கீழே தாடியின் ஒரு வரி: "பழைய கணினிகள் இருந்துவிட்டுப் போகட்டும். சாப்பிடப் போகிறேன்."

சுண்டு முக்காலியின் காலடியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அதே கையால் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

திரையில் கேள்வி இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஆட்டம் பாதியில் நின்றுவிட்டது. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சட்டைக் கையை மடித்துவிட்டார். பெரிய அதிகாரி கையெழுத்துப் போடுகிற தோரணையில் விரலை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் பெரியம்மா. "வாய்விட்டுச் சொல்லிட்டு அழுத்துங்க."